ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் கதவு தொங்கும்

அப்பா வேலை முடிந்து வந்துவிட்டார் என்பது எங்கள் வீட்டில் இரண்டு சத்தத்தில் தெரிந்துவிடும். முதல் சத்தம், பிக்-அப்பின் கதவை அவர் சாத்துவது. அது மூடாது. இரண்டாவது, கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்று மேலே தூக்கி, ஓங்கி அறைவது. இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் அம்மா தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்.

தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் உரம் போடும் குத்தகை வேலை அப்பாவுடையது. காலையில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மண் சாலையில் போவார். மாலையில் வெறும் சாக்குகளோடு திரும்புவார். வண்டிக்கு அப்போது வயது 14. என்ஜின் நன்றாக ஓடியது. ஓட்டுநர் பக்கக் கதவு மட்டும் தொங்கிப் போயிருந்தது. திறந்ததும் 'டொக்' என்று ஒரு விரல் அளவு கீழே இறங்கும். மூடும்போது அடியில் எங்கோ இடிக்கும். மழை பெய்தால் கண்ணாடிச் சட்டத்தின் மேல் மூலையில் இருந்து தண்ணீர் சொட்டி, அப்பாவின் வலது தோள் எப்போதும் நனைந்திருக்கும்.

பழைய பிக்-அப், லோரி, வேன் வைத்திருக்கும் வீடுகளில் இந்தக் கதை புதிதல்ல. உங்கள் வீட்டு வண்டியிலும் ஒரு கதவை இப்படி 'ஒரு தினுசாக' மூட வேண்டியிருக்கலாம். வீட்டில் எல்லாருக்கும் அந்தத் தினுசு பழகிப்போயிருக்கும். விருந்தாளி வந்து கதவைச் சாத்தினால்தான் அது பழுது என்பதே ஞாபகம் வரும்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் வந்திருந்தேன். படிப்பை வீட்டில் காட்ட இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்குமா?

பத்து நிமிடத்தில் நான் செய்த பழுது

கதவு மூடும் இடத்துக்கு எதிரே, வண்டியின் தூணில் ஒரு தடித்த கம்பி வளையம் இருக்கும். அதை ஸ்ட்ரைக்கர் என்பார்கள். கதவுக்குள் இருக்கும் பூட்டு இந்த வளையத்தைக் கவ்விக்கொள்ளும்போதுதான் கதவு மூடுகிறது. எங்கள் வண்டியில் பூட்டு தாழ்வாக வந்து வளையத்தின் கீழ்ப்பகுதியில் இடித்தது. அந்த இடத்தில் இரும்பு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது.

என் மூளை வேகமாக வேலை செய்தது. கதவு தாழ்ந்து வருகிறது, வளையம் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் வளையத்தை இறக்கிவிட்டால் தீர்ந்தது. இரண்டே திருகுகள். தளர்த்தி, துளை இடம் கொடுத்த மட்டும், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், கீழே தள்ளி முடுக்கினேன். கதவு ஒரே தட்டில் மூடிக்கொண்டது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார் அப்பா. நான் பெருமையோடு வளாகத்துக்குத் திரும்பினேன்.

இரண்டு மாதம்கூட நிற்கவில்லை.

ஒரு மழை மாலை. தோட்டத்தில் இருந்து பிரதான சாலைக்கு வரும் வழியில், இடது பக்கம் திரும்பும் வளைவில் ஓட்டுநர் கதவு திறந்துகொண்டது. இடது பக்கம் வளையும்போது வண்டியில் இருப்பவரின் உடல் வலப்பக்கம் சாயும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் நாட்டில் ஓட்டுநர் உட்காருவது வலப்பக்கம். அதாவது அப்பாவின் உடல் முழுக்க அந்தக் கதவின் மேல்தான் சாய்ந்திருந்தது. இருக்கை வார் போட்டிருந்ததால் வெளியே விழவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கதவை இழுத்து, ஓரம் கட்டியிருக்கிறார். எதிரே வந்த செம்பனைக் குலை லோரி நல்ல வேளையாகத் தள்ளி வந்தது.

அப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தொழிலாளி அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைக் கைப்பேசியில் கூப்பிட்டார். என்ன பேசினார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

பாதி கவ்விய பூட்டு

மூடியிருந்த கதவு எப்படித் திறந்தது? உண்மையில் அது முழுதாக மூடவே இல்லை.

கார் கதவின் பூட்டு இரண்டு கட்டமாகக் கவ்வும். மெதுவாகச் சாத்திப் பாருங்கள்: ஒரு 'கிளிக்', இன்னும் அழுத்தினால் இரண்டாவது 'கிளிக்'. முதல் கட்டத்தில் கதவு மூடியதுபோலத்தான் இருக்கும். ஆட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஆடும். இது தவறிப்போனவர்களுக்கான ஒரு பாதுகாப்பு, அவ்வளவுதான். கதவுப் பூட்டுகளுக்கான ஐக்கிய நாடுகள் வாகன விதி, எண் 11, இரண்டு கட்டத்துக்கும் வெவ்வேறு வலிமையைக் கேட்கிறது. முழுதாகக் கவ்விய நிலையில், வண்டியின் நீளவாக்கில் இழுத்தால் 11,000 நியூட்டன், குறுக்குவாக்கில் இழுத்தால் 9,000 நியூட்டன் விசையைப் பூட்டு தாங்க வேண்டும். முதல் கட்டத்தில் தாங்க வேண்டியது 4,500 நியூட்டன்தான். அதாவது பாதி, அல்லது அதற்கும் கீழே. அதுவும் நேராக வந்து கவ்விய, தேயாத பூட்டுக்குச் சொன்ன கணக்கு. எங்கள் வண்டியின் பூட்டோ சாய்வாக வந்து, வளையத்தின் ஓரத்தைக் கடித்துக்கொண்டிருந்தது.

கதவு சரியாக மூடவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு முகப்பில் மாதக் கணக்கில் எரிந்துகொண்டிருந்ததாம். எப்போதும் எரிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

தூக்கிப் பார்த்தவள்

அடுத்த வாரம் சித்தி மகள் வீட்டுக்கு வந்தாள். எனக்குத் தங்கை முறை. தொழிற்கல்லூரியில் வாகனத் துறை படிக்கிறாள். நான் செய்ததை அவளிடம் விளக்கிச் சொன்னேன். ஸ்ட்ரைக்கரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அண்ணே, கதவைப் பாதி தொறந்து வை."

திறந்து வைத்தேன். கதவின் பூட்டுப் பக்க ஓரத்துக்குக் கீழே இரண்டு கைகளையும் கொடுத்து மெல்லத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். அவள் கண் கதவின் மேல் இல்லை. வண்டியின் முன்பக்கம், கதவு மாட்டியிருக்கும் கீல்களின் மேல் இருந்தது.

"நீ தூக்கு, நான் பார்க்கிறேன்" என்று இடம் மாறிக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேல் கீலின் நடுவில் செங்குத்தாக ஒரு பின் இருக்கிறது. கதவைத் தூக்கும்போது கீலின் ஒரு பாதி, அந்தப் பின்னைச் சுற்றி, முன்னும் பின்னும் அசைந்தது. கண்ணை அருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறிய அசைவு. கீழ்க் கீல் ஏறக்குறைய அசையவில்லை.

இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். நீங்களே இன்று மாலை செய்து பார்க்கலாம். எது அசைகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. பின்னைச் சுற்றி ஆட்டம் இருந்தால் பின்னோ அதன் துளையோ தேய்ந்திருக்கிறது. கீல் மொத்தமாகத் தூணை விட்டோ கதவை விட்டோ நகர்ந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. சில சமயம் உள்ளே தகடே வெடித்திருக்கும், அது பட்டறைக்குப் போக வேண்டிய கேஸ். எங்குமே ஆட்டம் இல்லை, ஆனாலும் கதவு தாழ்ந்து நிற்கிறது என்றால் யாரோ எதிலோ இடித்துக் கீலை வளைத்திருக்கிறார்கள்.

கதவை மூடிவிட்டுச் சுற்றியுள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். தொங்கும் கதவு ஒரே மாதிரிதான் காட்டிக்கொடுக்கும்: மட்கார்டுப் பக்க இடைவெளி மேலே அகலமாகவும், பூட்டுப் பக்க இடைவெளி மேலே குறுகலாகவும் இருக்கும். மேல் கீல் வெளியே இழுபட்டு, கதவு மொத்தமும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதன் அடையாளம் அது. அளக்கக் கருவி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். காலாவதியான வங்கி அட்டைகள் போதும். உலகம் முழுவதும் அவற்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர்தான். எங்கள் வண்டியில் மட்கார்டுப் பக்கம் கீழே ஐந்து அட்டைகள் நுழைந்தன, மேலே ஏழு. இரண்டு அட்டை வித்தியாசம், ஒன்றரை மில்லிமீட்டர்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதான். மீதியை நீதான் கணக்குப் போடணும். நீதானே இன்ஜினியர்?"

போட்டேன். நான்காம் படிவ மாணவர்கள்கூடப் போடலாம்.

இரண்டு கீல்களுக்கும் இடையே செங்குத்தாக 40 சென்டிமீட்டர். கீலில் இருந்து பூட்டு வரை கிடையாக 100 சென்டிமீட்டர். மேல் கீலில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் கதவு கீழ்க் கீலைச் சுற்றிச் சற்றே திரும்பும். ஒத்த முக்கோணங்கள்: 100-ஐ 40-ஆல் வகுத்தால் 2.5. மேலே 1 மில்லிமீட்டர், பூட்டின் இடத்தில் 2.5 மில்லிமீட்டர் இறக்கம். எங்கள் ஒன்றரை மில்லிமீட்டர் அங்கே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். பழுது மேல் கீலில் இருக்க, அது பெரிதாகத் தெரிவது பூட்டில். நான் பெரிதாகத் தெரிந்த இடத்தில் கையை வைத்திருந்தேன். கீல் தேய்வதை அது நிறுத்தவில்லை. இரண்டு மாதம் யாருக்கும் தெரியாமல் தேயவிட்டது.

தேய்வது ஏன் மேல் கீல்? இதுவும் கணக்குத்தான். கதவின் எடை, கண்ணாடியும் சேர்த்து, சுமார் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடை கீலில் இருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி, கதவின் நடுவில் தொங்குகிறது. 30-ஐ 50-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 37.5. கதவு சும்மா திறந்து நிற்கும்போதே மேல் கீல் 37.5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே இழுபடுகிறது. கீழ்க் கீல் அதே அளவு உள்ளே தள்ளப்படுகிறது. இழுபடும் கீலில் பின் ஒரே பக்கமாக உராய்ந்து, வட்டத் துளை மெல்ல முட்டை வடிவமாகிறது.

அப்பாவின் வண்டியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செம்பனைக்குப் போடும் உரங்களில் முக்கியமானது பொட்டாஷ். வேதியியலில் அது பொட்டாசியம் குளோரைடு, ஓர் உப்பு. தூளாகப் பறந்து கீலில் படிந்து, மழையில் கரைந்து, இரும்பைத் தின்னும். துருவும் மண்ணும் கலந்தால் அது ஓர் அரைக்கும் பசை. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் பின்னை உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி.

ஈப்போவில் ஒரு கீல்

பழைய பிக்-அப்புகள் அதிகம் ஓடும் அமெரிக்காவில், பல வண்டிகளின் கதவுப் பின்னையும் புஷ்ஷையும் தனியாக வாங்கி மாற்றலாம். புஷ் என்பது பின்னுக்கும் கீலுக்கும் நடுவில் இருக்கும் சின்ன உருளை, பெரும்பாலும் வெண்கலம். இரும்பைவிட மென்மையான உலோகத்தை வேண்டுமென்றே அங்கே வைக்கிறார்கள். தேய்ந்தால் அது தேயட்டும், பின்னும் கீலும் பிழைக்கட்டும் என்பதுதான் நோக்கம். நம் ஊரில் ஓடும் ஜப்பானிய வகைப் பிக்-அப்புகள் பலவற்றில் பின்னைக் கீலோடு சேர்த்து அழுத்திப் பதித்திருப்பார்கள். தனியாகக் கழற்ற முடியாது. கீலையே மாற்ற வேண்டும், அல்லது லேத் பட்டறையில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கிப் புது புஷ் போட்டு வாங்க வேண்டும்.

கீலை இடுக்கியால் வளைத்துவிடலாம், கதவுக்கு அடியில் ஜாக் வைத்து ஒரே தூக்காகத் தூக்கினால் நிமிர்ந்துவிடும் என்றெல்லாம் அக்கம்பக்கத்தில் யோசனை வந்தது. வளைந்த கீலுக்கு அந்த வைத்தியம் உண்டு, கை தெரிந்தவர்கள் செய்தால். தேய்ந்த கீலுக்குச் செய்தால், தேய்மானம் அப்படியே இருக்க, நல்ல இரும்பும் சேர்ந்து வளையும்.

ஈப்போவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப்-கட் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் கொடுத்த மேல் கீலைத் தங்கை கையில் வாங்கி, இரண்டு பாதியையும் எதிரெதிராக ஆட்டினாள். 'கடகட' என்றது. திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதும் அப்படியே. கடைக்காரருக்குப் பொறுமை போவது தெரிந்தது. நான்காவதில் தலையசைத்தாள். பழைய வண்டியில் இருந்து வரும் கீலும் பழையதுதானே. அதை ஆட்டிப் பார்க்காமல் வாங்கினால் நம் பழுதை அவரிடம் கொடுத்து, அவர் பழுதை நாம் வாங்கி வருகிறோம். வலது, இடது பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம், மாற்றிப் போட முடியாது.

மறுநாள் காலை வேலை. துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தாள். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கம் அடியில் ஜாக் வைத்து, அதன் மேல் பலகை, பலகையின் மேல் பழைய துண்டு. கதவின் எடையை ஜாக் வாங்கிக்கொள்ளும் மட்டும் உயர்த்தினாள். அதற்கு மேல் ஒரு சுற்றும் இல்லை. ஜாக் இருக்கிறதே என்று கையை எடுத்துவிடக் கூடாது. கதவு பக்கவாட்டில் சாய்ந்துவிடும். 30 கிலோ இரும்பும் கண்ணாடியும் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வேலை முடியும் வரை ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

கீலைத் தொடும் முன் அதன் விளிம்பைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டாள், தூணிலும் கதவிலும். போல்ட்டுத் துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவை. கதவை நகர்த்திச் சரிசெய்யத்தான் அப்படி. கோடு இல்லாவிட்டால் பழைய இடம் தொலைந்துபோகும். மேல் கீல் மட்டும் கழன்றது. கீழ்க் கீல் மாட்டியபடியே இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்துவது பெரிய தவறு என்றாள். எங்கள் வண்டியில் போல்ட்டுகள் கதவைத் திறந்தாலே தெரிந்தன. சில வண்டிகளில் மட்கார்டைக் கழற்றினால்தான் கை போகும். அப்படி இருந்தாலும், கதவை முழுதாக இறக்கி மின்கம்பிகளைப் பிரிக்க வேண்டியிருந்தாலும், முதல் முறை செய்பவர்கள் பட்டறைக்குப் போவது நல்லது.

புதிதாக வந்த பழைய கீல் கோட்டுக்குள் உட்கார்ந்தது. போல்ட்டுகளை அரைகுறையாக முடுக்கிவிட்டு, "இப்ப ஸ்ட்ரைக்கரைக் கழட்டு" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தன் இஷ்டத்துக்கு ஏற்றியும் இறக்கியும் விடும்; கதவு தானாக எங்கே நிற்கிறது என்பது தெரியாது. அது இல்லாமல் மெல்லச் சாத்தினால் கீல்கள் எங்கே கொண்டுவந்து நிறுத்துகின்றனவோ அதுதான் கதவின் சொந்த இடம். சாத்தினோம். அட்டைகளை நுழைத்தோம். மேலே ஆறு, கீழே ஐந்து. கொஞ்சம் தளர்த்தி, ஒரு மயிரிழை நகர்த்தி, மறுபடி சாத்தினோம். இப்படி எத்தனை முறை என்று நினைவில்லை. அப்பா இரண்டு தேநீர் குடித்து முடித்திருந்தார். கடைசியில் மேலும் ஐந்து, கீழும் ஐந்து. முன்கதவில் ஓடும் மடிப்புக் கோடு பின்கதவின் கோட்டோடு நேராக வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் போல்ட்டுகளை, வண்டிக் கையேட்டில் சொன்ன அளவுக்கு, முழுதாக முடுக்கினாள்.

இனி ஸ்ட்ரைக்கர். அதை எங்கே வைப்பது? தூணைத் துடைத்தபோது தெரிந்தது. தொழிற்சாலையில் இருந்து வந்த நாள் முதல் ஸ்ட்ரைக்கர் மூடியிருந்த இடத்தில் மட்டும் சாயம் மங்காமல், அதன் வடிவத்திலேயே ஒரு தடம் பதிந்திருந்தது. நான் இறக்கி வைத்த இடத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலே. அந்தத் தடத்துக்குள் ஸ்ட்ரைக்கரை வைத்து முடுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினோம். பூட்டு வளையத்தின் நடுவில் வந்து கவ்வியது. கிளிக், கிளிக்.

14 ஆண்டும் அது சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது. அதைத் தவறான இடத்துக்கு நகர்த்தியவன் நான் ஒருவன்தான்.

அப்பா ஏறிய விதம்

வேலை முடிந்தது என்று கருவிகளைத் துடைக்க ஆரம்பித்தேன். தங்கை வண்டியைச் சுற்றி வந்து பயணிப் பக்கக் கதவைத் தூக்கிப் பார்த்தாள். ஆட்டமே இல்லை. அதே வயது, அதே மழை, அதே உரத்தூள். ஓட்டுநர் கதவு அதிகம் திறந்து மூடப்படுகிறது என்பது உண்மைதான், ஆனாலும் இவ்வளவு வித்தியாசமா?

"பெரியப்பா, வண்டியில ஒரு தடவ ஏறிக் காட்டுங்க."

அப்பாவுக்குச் சில ஆண்டுகளாக இடது முழங்காலில் வலி. பிக்-அப்பின் தளம் உயரம். அவர் என்ன செய்தார் என்றால், வலது கையால் திறந்த கதவின் உள்பிடியைப் பிடித்து, உடல் எடையில் பாதியை அதன் மேல் போட்டு, தம் கட்டி ஏறினார். நாங்கள் தினமும் பார்க்கும் காட்சி. பார்த்ததே இல்லை.

கணக்கைப் பாருங்கள். உள்பிடி கீலில் இருந்து 80 சென்டிமீட்டர். அப்பா அதில் 40 கிலோ எடையைப் போட்டால், 40-ஐ 80-ஆல் பெருக்கி 40-ஆல் வகுக்க, 80 கிலோ. கதவின் சொந்த எடைக்கு வரும் 37.5-ஐயும் கூட்டினால் 117.5. ஒவ்வொரு முறை ஏறும்போதும் மேல் கீலுக்கு மூன்று மடங்குக்கும் மேலான இழுப்பு. உரம் போடும் நாளில் அவர் எத்தனை முறை ஏறி இறங்குவார் என்று எண்ணிப் பாருங்கள்.

"கீல மாத்திட்டோம். ஆனா பெரியப்பா இப்படி ஏறினா இதுவும் போயிடும்" என்றாள். அப்பா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலியை வீட்டில் அவர் பேச விரும்புவதில்லை. மருத்துவரிடம் போகச் சொன்னால் சிரித்து மழுப்புவார். ஒரு பழைய கீல் அதைப் போட்டு உடைத்துவிட்டது.

அவளே வழியும் சொன்னாள். வண்டியின் பக்கவாட்டில், சட்டத்தில் ஏற்கெனவே உள்ள துளைகளில் பொருத்தும் படிப்பலகை. பிறகு முன்தூணில் ஒரு கைப்பிடி. எங்கள் வண்டியின் விலை கூடிய மாடலில் அது உண்டு, அதற்கான துளைகள் எங்கள் வண்டியிலும் மூடி போட்டு அடைத்தபடி இருந்தன. தூண் ஆடாது, அதற்குக் கீல் இல்லை. எவ்வளவு எடையையும் அதன் மேல் போடலாம். இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் வண்டித் தூணில் துளை போட ஆரம்பித்துவிடாதீர்கள். புதிய வண்டிகளில் அந்த இடத்தில்தான் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

கடைசியாக, வெள்ளை லித்தியம் கிரீஸை இரண்டு கீல்களிலும் வைத்தாள். வீட்டில் இருந்த டபிள்யூடி-40 புட்டியை நான் நீட்டியபோது வேண்டாம் என்றாள். அந்தப் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் தண்ணீரை விலக்குவது என்ற பொருளைத்தான் தருகின்றன. ஈரத்தை விரட்ட, துருவை இளக்க அது கெட்டிக்காரத்தனமான சரக்கு. எடை தாங்கும் கீலில் மாதக் கணக்கில் நின்று காப்பது கெட்டியான கிரீஸின் வேலை. உரம் ஏற்றிய நாளில் கீலைத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும் என்றும் அப்பாவிடம் சொல்லி வைத்தாள்.

இவள் படிக்கும் படிப்பைப் பற்றி இங்கே இரண்டு வரி. வாகன உடற்பகுதிப் பழுதுபார்ப்பு நம் நாட்டின் திறன் பயிற்சியில் தனித் துறையாகவே இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம்., ஒன்று முதல் மூன்று நிலை வரை உண்டு. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமா, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா. தொழிற்கல்லூரிகளிலும் மனிதவள அமைச்சின் ஐ.எல்.பி. எனப்படும் தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் வாகனத் துறை படிக்கலாம். உலகத் திறன் போட்டியில் இது ஒரு தனிப் போட்டி. எஸ்.பி.எம். முடித்துவிட்டு என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு ஓடும்போது, இதையும் மேசையில் வையுங்கள். 'படிப்பு வராதவங்களுக்கு' என்று யாராவது தொடங்கினால், ஒத்த முக்கோணத்தைக் கதவில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நான் கண்டுபிடிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, அவள் சொன்னபடி, போல்ட்டுகளை ஒரு முறை சரிபார்த்தேன். எதுவும் தளரவில்லை. அட்டைகள் ஐந்தும் ஐந்தும். முகப்பில் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அப்பா அதற்குள் முழங்காலைக் காட்ட மருத்துவமனையில் முன்பதிவு செய்திருந்தார்.

அன்று மாலை அம்மா சமையலறையில் ஏதோ வேலையாக இருந்தார். அப்பா பின்னால் போய் நின்று, "தேநீர் இல்லையா?" என்றார். அம்மா திடுக்கிட்டுத் திரும்பி, "எப்ப வந்தீங்க? சத்தமே கேக்கலையே" என்றார்.